புளிச் சமையலுக்கு எந்தப் பாத்திரம்? ஈயம், பித்தளை, எவர்சில்வர், இண்டாலியம், பிளாஸ்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரம் வாங்குகிறவர்களும் பழைய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். நம் அடுப்படியில் புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர், உப்பு இல்லாத நாள் கிடையாது. ஆகவே ஒரு பாத்திரம் நல்லதா என்று கேட்டால் திருப்பி மூன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: எவ்வளவு புளிப்பு, எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு? கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றியே வரும்.

"ஈயம் விஷம்னு பாடத்துல படிச்சோம். அப்புறம் எப்படி ஈயச் சொம்புல ரசம் வைக்கிறாங்க?"

இது பெயரால் வந்த குழப்பம். தமிழில் ஈயம் என்ற சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் இருக்கின்றன. வெள்ளீயம் ஒன்று, காரீயம் இன்னொன்று. அடுப்படியில் "ஈயம்" என்றால் வெள்ளீயம். பாடநூலிலும் செய்தியிலும் "ஈய நச்சு" என்று வருவது காரீயம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. வெள்ளீயத்தை உடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். டப்பாவில் அடைத்த உணவில் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்று பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். ஒரு கன சென்டிமீட்டர் 7.3 கிராம் எடை இருக்கும். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும், எடை 11.3 கிராம். இந்த நான்கு எண்களும் அடுத்த இரண்டு பதில்களுக்குத் தேவைப்படும்.

"கடையில குடுக்குற ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயம்தானான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?"

ஓரளவு முடியும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். முதலில் உலர்ந்த சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியம் ஆக்குங்கள். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் சாய்த்து வெளியேற்றுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அந்த உலோகத்தின் கன அளவு, மில்லிலிட்டரில். முதல் எடையை இந்த எண்ணால் வகுங்கள்.

400 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் தராசு சுமார் 55 காட்டும், வகுத்தால் 7.3 வரும். பத்து விழுக்காடு காரீயம் கலந்திருந்தால் 7.55-ஐ ஒட்டி வரும், முப்பது விழுக்காடு என்றால் 8.2-ஐ ஒட்டி. 7.5-க்கு மேல் வந்தால் அந்தச் சொம்பை ரசத்துக்குத் தொடவே வேண்டாம். ஆனால் 7.3 வந்துவிட்டது என்பதற்காக முழு நிம்மதி அடைய முடியாது. நாலைந்து விழுக்காடு காரீயத்தை இந்தத் தராசு பிடிக்காது. கூடவே வேறு இலேசான உலோகம் கலந்திருந்தால் கணக்கு சமன்பட்டுப்போகும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளப்பது) உள்ள உலோகச் சோதனைக்கூடத்தில் காரீயத்தைத் தனியாக அளந்து தரச் சொல்லுங்கள். ரசம் தினமும் குழந்தைகள் வயிற்றுக்குப் போவது. அந்தச் செலவு வீண் செலவு ஆகாது.

"புதுச் சொம்பு, முதல் நாளே ஒரு பக்கம் உருகி ஓட்டை விழுந்துடுச்சு. மட்டமான ஈயமா?"

பெரும்பாலும் இல்லை. சுத்தமான வெள்ளீயமும் உருகத்தான் செய்யும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை அந்தச் சுவர் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள வெற்றுச் சுவரில் தீ நாக்கு பட்டால் சில விநாடிகளில் 232-ஐத் தொட்டுவிடும். ஓட்டைகள் பெரும்பாலும் பக்கத்தில், மட்டத்துக்குச் சற்று மேலே விழுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே புளித்தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குப் பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். சின்ன பர்னர், அடியை விட்டு வெளியே வராத தீ. பருப்புத் தண்ணீர் விட்டு நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து ரசத்தின் மேல் கொட்டலாம். சொம்பிலேயே எண்ணெய் காயவைக்கக் கூடாது, காய்ந்த எண்ணெய் ஈயத்தின் உருகுநிலையை எளிதாக நெருங்கிவிடும். தேய்க்கக் கம்பி நார் வேண்டாம், ஈயம் மெத்தென்ற உலோகம்.

"பித்தளைப் பாத்திரத்துல ஈயம் பூசாம சமைச்சா என்ன ஆகும்?"

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. தகட்டுப் பாத்திரங்களில் செம்பு ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு. புளிப்பு பட்டால் துத்தநாகம் நேராகவே கரையும். செம்பு கரையும் வழி வேறு. காற்றின் ஆக்சிஜன் அதை முதலில் ஆக்சைடாக மாற்றும், புளியின் டார்டாரிக் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கறுத்த குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதும் இதே வேதியியல்தான். விளக்கில் அந்த அழுக்கைக் கழுவி ஊற்றுகிறோம், பாத்திரத்தில் அதைச் சாப்பிடுகிறோம். களிம்பேறிய குழம்பு கசக்கும், குமட்டும், அளவு கூடினால் வாந்தி எடுக்கவைக்கும்.

தண்ணீர் கொதிக்கவைக்க, அரிசி வேகவைக்க ஈயம் இல்லாத பித்தளை பரவாயில்லை. புளி, தக்காளி, மோர், எலுமிச்சை என்றால் பூச்சு கட்டாயம். பூசிய பாத்திரத்திலும் சமைத்த உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"ஈயம் பூசுறவர் சரியான ஈயம்தான் போடுறாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல வேலை இப்படி நடக்கும்: உள்பக்கத்தை மணலோ அமிலமோ போட்டுத் தேய்த்து, பழைய கறை போய் உலோகம் பளிச்சென்று தெரியவைப்பார்கள். கரி அடுப்பில் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள். வெள்ளைப் புகை எழும்பும். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. மேற்பரப்பில் மிஞ்சியிருக்கும் ஆக்சைடை அந்த அமில வாயு நீக்குகிறது. உடனே ஈயக் குச்சியை நாலைந்து இடத்தில் தொட்டு, பஞ்சாலோ துணியாலோ ஒரே வீச்சில் தேய்ப்பார்கள். மஞ்சள் சுவரில் கண்ணாடிபோல வெள்ளி ஓடிப் பரவுவது கண்ணுக்குத் தெரியும். ஆக்சைடு நீங்காத இடத்தில் ஈயம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். கொஞ்ச நாளில் பெயர்வது அந்த இடம்தான். புகையை முகர வேண்டாம், காற்று வரும் திசையில் நில்லுங்கள்.

கலப்படம் நுழைவது குச்சியில். மின் வேலைக்கான பழைய பற்றாசுக் (சால்டரிங்) கம்பியில் காரீயம் இருக்கும். வெள்ளீயமும் காரீயமும் 63-க்கு 37 என்று கலந்தது 183 டிகிரியிலேயே உருகிவிடும், விலையும் குறைவு. குச்சியை வாங்கிக் காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். சுத்த வெள்ளீயம் வளையும்போது உள்ளிருக்கும் படிகங்கள் நகர்ந்து கறகறவென்று ஒலி கேட்கும். காரீயம் சத்தமே இல்லாமல் வளையும். சாம்பல் நிறமாக மங்கியிருந்து, வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில்போலக் கோடு விழுகிறது என்றால் அந்தக் குச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிக நல்ல வழி, சோதித்த வெள்ளீயத்தை நீங்களே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுப்பது.

"பித்தளை, வெண்கலம் ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம் வகைகளில் ஏறத்தாழ 78 பங்கு செம்புக்கு 22 பங்கு வெள்ளீயம் என்ற கலவை பழைய வழக்கம். தட்டினால் பித்தளை சீக்கிரம் அடங்கும், வெண்கலம் நீண்ட நேரம் ரீங்கரிக்கும். கோயில் மணி வெண்கலத்தில் வார்க்கப்படுவது அதனால்தான். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், இத்தனை ஈயம் உள்ள வெண்கலம் விரிசல் விடும்.

வெண்கலத்துக்கு ஈயம் பூசும் வழக்கம் இல்லை. பித்தளையை விட அது புளிப்பைத் தாங்கும். ஆனாலும் முக்கால் பங்கு செம்பு என்பதை மறக்க வேண்டாம். வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கலாம், சாதம் வடிக்கலாம். புளிக்குழம்பை இரவெல்லாம் அதில் வைத்திருக்கக் கூடாது.

அலங்காரத்துக்கு என்று விற்கும் வார்ப்புப் பித்தளை உருளிகளில் சமைக்காதீர்கள். வார்க்கவும் கடையவும் எளிதாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று விழுக்காடு காரீயம் சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பூ மிதக்கவிட மட்டும் அவை.

"செம்புல தண்ணி ஊத்தி வெச்சுக் குடிக்கலாமா?"

குடிக்கலாம். நல்ல தண்ணீரை இரவு ஊற்றிக் காலையில் குடித்தால் அதில் இறங்கும் செம்பு மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். எலுமிச்சை, மோர், பழச்சாறு ஊற்றினால் கணக்கு மாறிவிடும், காரணம் பித்தளைக் கேள்வியில் சொன்னதுதான். நாள்கணக்கில் தேங்கவிடாமல் தினமும் கழுவுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு ஊற்றுங்கள்.

"எவர்சில்வர்ல காந்தம் ஒட்டினா அது போலியா?"

இது பாத்திரக் கடைகளில் ஊறிப்போன நம்பிக்கை, பாதிதான் சரி. எவர்சில்வர் என்பது குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த இரும்பு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது, கீறினாலும் அது தானாக மறுபடி வளரும். 304 என்ற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு, காந்தம் ஒட்டாது. 430 ரகத்தில் நிக்கல் கிடையாது. காந்தம் ஒட்டும், ஆனால் அதுவும் அசல் எவர்சில்வரே. இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரங்களின் அடியில் வேண்டுமென்றே அந்த ரகத்தை வைக்கிறார்கள்.

இதில் ஏமாறும் இடம் வேறு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. விலை குறைந்த பாத்திரங்களில் நிறைய இந்த வரிசைதான். 304-ஐ விடச் சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தத்தை நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் வைத்து மாங்கனீசு இருந்தால் சிவப்பு காட்டும் சோதனை இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள். இன்னொன்று: 304-ஐ ஆழமாக அழுத்தி வடிவம் கொடுக்கும்போது விளிம்பிலும் வளைவிலும் இலேசாகக் காந்தத் தன்மை வரும். அந்த இடத்தில் காந்தம் மெல்ல இழுத்தால் பயப்பட வேண்டாம்.

"துருவே பிடிக்காதுன்னாங்க. அடியில குட்டிக் குட்டிப் பள்ளம், கைப்பிடி பக்கத்துல துரு. ஏன்?"

பள்ளத்துக்குக் காரணம் கல் உப்பு. குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டால் அது கரையாமல் அடியில் குவிந்து கிடக்கும். அந்த இடத்தில் செறிந்திருக்கும் குளோரைடு, மேலே சொன்ன ஆக்சைடுத் தோலை ஊசிமுனை அளவுக்குத் துளைக்கும்; துளைத்த பிறகு பள்ளம் உள்ளேயே ஆழமாகிக்கொண்டு போகும். தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு உடனே கலக்குங்கள். ஈரக் கல் உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்காதீர்கள். உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடி என்று வைத்தார்களே, அதை விடச் சிறந்த பாத்திரம் இன்னும் வரவில்லை.

கைப்பிடி பற்றவைத்த இடத்தில், அந்தச் சூட்டில் குரோமியம் உலோகத்தில் உள்ள கார்பனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும். சுற்றியுள்ள உலோகத்தில் குரோமியம் குறைந்து துரு பிடிக்கும். அது செய்நேர்த்திக் குறை. இரும்புக் கம்பி நாரால் தேய்த்துத் துரு தெரிந்தால், துருப்பிடிப்பது பெரும்பாலும் அந்த நாரின் துகள். வானவில் நிறம், வெள்ளைப் புள்ளி இரண்டும் பழுதே அல்ல. முன்னது சூட்டில் தடித்த ஆக்சைடு, பின்னது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. இரண்டும் வினிகரில் போய்விடும்.

"இட்லிக் குண்டான் உள்ளே கறுத்துப்போகுது. அலுமினியம் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. அலுமினியத்தின் மேலும் ஓர் ஆக்சைடுப் படலம் இருக்கிறது. காரத் தன்மையுள்ள தண்ணீர் திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது அந்தப் படலம் நீரேறித் தடிக்கும், தண்ணீரின் உப்புகளும் அதில் சிக்கிக் கறுப்பாகத் தெரியும். பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒன்றோ கொஞ்சம் புளிச் சக்கையோ தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது. ஏற்கெனவே கறுத்ததற்கு, கறைக்கு மேல் நிற்கும்படி தண்ணீரும் புளியும் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

அதே புளி, குழம்பாக இருக்கும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது. கரைந்ததைக் கொட்ட மாட்டோம், அவ்வளவுதான். அலுமினியத்தில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வேண்டாம், வைத்திருக்கவே வேண்டாம். குக்கரில் பருப்பைத் தனியாக வேகவைத்து, புளியை வேறு பாத்திரத்தில் சேருங்கள். சலவைச் சோடா போட்டுத் தேய்க்காதீர்கள், அலுமினியம் காரத்திலும் கரையும். குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன்.

"இண்டாலியம் அலுமினியத்தை விட நல்லதுன்னு சொல்றாங்களே?"

இண்டாலியமும் அலுமினியம்தான். உறுதிக்காக மக்னீசியம், மாங்கனீசு போன்றவை சிறிதளவு சேர்த்திருப்பார்கள். கனமாகவும் நெளியாமலும் இருக்கும். புளிப்புக்கான விதி மாறாது.

கவலைக்குரியது மூலப்பொருள். பழைய இயந்திர உதிரிகளையும் பேட்டரிக் கழிவையும் சேர்த்து உருக்கி வார்த்தால் காரீயம் உள்ளே வந்துவிடும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினியம், பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குவதாக எச்சரித்தது. இண்டாலியம் எல்லாம் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் பெயரோ முத்திரையோ இல்லாத வார்ப்புச் சட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.

"இரும்புக் கடாய்ல வத்தக்குழம்பு வெச்சா கறுப்பா ஆகுது. சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். புளி இரும்பைக் கரைக்கும். காய்களிலும் புளியிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டேனின், கரைந்த இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். பழைய காலத்து மையும் இப்படித்தான் செய்தார்கள். இரும்பு உடம்புக்கு வேண்டியதுதான், ஆனாலும் குழம்பு அதிலேயே ஆறினால் சுவை கெடும். இறக்கியதும் மாற்றிவிடுங்கள்.

"தோசைக்கல்லைப் பழக்குறதுன்னா உண்மையில என்ன நடக்குது?"

எண்ணெயில் உள்ள நிறைவுறாத கொழுப்புகள் சூட்டிலும் ஆக்சிஜனிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கடினமான படலமாகின்றன. பிளாஸ்டிக்கும் இப்படிச் சங்கிலி பின்னிய பொருள்தான். பழகிய கல்லின் மேல் இருப்பது நாமே செய்த ஒரு பலபடிப் பூச்சு. புதுக் கல்லைக் கழுவி, புளித்த கஞ்சித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் தினமும் மாற்றி ஊறவையுங்கள். அந்த மெல்லிய அமிலம் துருவைத் தளர்த்தும். பிறகு அடுப்பில் உலர்த்தி, நல்லெண்ணெயைத் துணியால் தொட்டு, துடைத்தெடுத்ததுபோல மெல்லிசாகத் தடவிப் புகையும் வரை காயவைத்து ஆறவிடுங்கள். நாலைந்து முறை. எண்ணெய் தடிப்பாக இருந்தால் பின்னிக்கொள்ளாமல் பிசுபிசுவென்று நிற்கும், தோசை ஒட்டும்.

வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 விழுக்காடு, ஆகவே நொறுங்கும் தன்மை அதிகம். காய்ந்த கல்லில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் பிளந்துவிடும். மாவு வார்க்கும் முன் ஒரு கை தெளிப்பது வேறு, குழாயடியில் நீட்டுவது வேறு.

"நான்ஸ்டிக் புற்றுநோய் தருமா?"

அந்தப் பூச்சின் பெயர் பிடிஎஃப்இ; 1938-இல் ராய் பிளங்கெட் கண்டறிந்தது. அதன் துணுக்கு வயிற்றில் போனால் செரிக்காமல் வெளியே வந்துவிடும். பெரிய குற்றச்சாட்டு, தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற இன்னொரு பொருளைப் பற்றியது. அதை இப்போது பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள்.

அடுப்படியில் கவனிக்க வேண்டியது சூடு. 260 டிகிரி வரை இந்தப் பூச்சு தாங்கும். வெறும் தவாவைப் பெருந்தீயில் விட்டால் சில நிமிடங்களில் அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் போகப் போகப் பூச்சு சிதைந்து நச்சுப் புகை வரும். கிளி, காதல் பறவைகள் அந்தப் புகையில் செத்துப்போகும், மனிதர்களுக்குக் காய்ச்சல்போல வரும். தோசைக்கு நன்றாகக் காய வேண்டும் என்பதால் நம் வீடுகளில் இது அதிகம் நடக்கிறது. தோசைக்கு இரும்பு, முட்டைக்கும் அடைக்கும் மிதமான தீயில் நான்ஸ்டிக் என்று வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை.

"டப்பா அடியில 1, 5, 7ன்னு நம்பர் இருக்கே, தரமா அது?"

தரம் இல்லை, பிளாஸ்டிக்கின் இனம். 1 பெட், 2 எச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ, 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்ற எல்லாம். சூடான உணவுக்கு 5 ஒன்றே ஏற்றது. 160 டிகிரியை ஒட்டித்தான் உருகும். தண்ணீர் பாட்டிலான 1-இல் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கோணும், ஏனென்றால் அது 70 டிகிரிக்கு மேலேயே இளகிவிடும். எண் அழிந்துபோயிருந்தால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3, 6 முங்கும்.

"ஓட்டல்ல சாம்பாரைப் பையில கட்டித் தர்றாங்க. சுடச்சுட வாங்கலாமா?"

வேண்டாம். அந்த மெல்லிய பை பெரும்பாலும் 4-ஆம் இனம், 110 டிகிரியை ஒட்டி உருகுவது. 90 டிகிரிச் சாம்பாரில் இளகிப்போயிருக்கும். சூடு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்த உணவு பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சேர்மங்களை மிக வேகமாக இழுக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இத்தகைய ஒருமுறைப் பைகளுக்குத் தடையும் இருக்கிறது. தூக்குவாளி எடுத்துப்போங்கள். பூப்போட்ட மெலமைன் கிண்ணத்திலும் கொதிக்கும் ரசம் ஊற்ற வேண்டாம். சூட்டிலும் புளிப்பிலும் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு இறங்கும்.

"நல்ல டப்பாதான், ஆனா சாம்பார் வெச்சதும் மஞ்சளாயிடுச்சு. ஏதோ கரையுதா?"

இங்கே போக்கு தலைகீழ். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடுகிறது. சோப்பு உள்ளே எட்டாததால் தேய்த்துப் பயனில்லை. கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள் கவிழ்க்காமல் திறந்து வையுங்கள். குர்குமின் வெயிலில் சிதைந்து நிறம் இறங்கிவிடும். உள்சுவர் சொரசொரப்பாகக் கீறிப்போன டப்பாவில் கறை மறுபடி மறுபடி ஏறும். அதைச் சாம்பாரிலிருந்து விலக்கி மளிகைச் சாமான் போட வைத்துக்கொள்ளலாம்.